செவ்வாய்க்கிழமை பதினோரு மணி

மழைக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வரும் மனிதரைப் பரிபூரணம் அதுவரை பார்த்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் இருந்தது அவளுடைய எஸ்.டி.டி. பூத். வெளியே மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தவர் நல்ல உயரம். நரைத்த மீசை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கண்களை மறைத்த கறுப்புக் கண்ணாடி…

"மெட்ராஸுக்கு ஒரு போன் போடணும்."

"உள்ள போயிப் பேசுங்க."

கேபினுக்குள் போனவர் கதவை இழுத்தார். வரவில்லை. மழையில் ஊறிய பலகை பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றது.

"கதவு சாத்த மாட்டேங்குதே?"

"மழைக்காலத்துல அப்படித்தான். நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நான் ஒண்ணும் காதைக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்."

"அதெப்படி… செத்த நேரம் வெளிய நின்னுக்கிடுங்களேன்."

பரிபூரணத்துக்குச் சுருக்கென்று வந்தது. "எங் கடையில என்னையவே வெளிய போகச் சொல்றீகளா? இந்தக் கொட்டுற மழையில?"

அவர் யோசித்தார். பிறகு தன் குடையை எடுத்து நீட்டினார்.

"அஞ்சே நிமிசம். தயவு பண்ணுங்க."

அதட்டலாகத் தொடங்கிய குரல் கடைசியில் கெஞ்சலாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, ஐம்பத்து மூன்று வயதுப் பரிபூரணம் தன் கடை வாசலிலேயே யாரோ ஒருவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வர வேண்டியது… சிரிப்பு வந்தது.

பேசி முடித்து வந்தவரிடம் குடையைக் கொடுத்தாள்.

"மழைக்குக் கூலிங் கிளாஸு… கடைக்காரியைத் தெருவுல நிறுத்துறது… ராஜபாளையத்துக்காரவுக எல்லாரும் இப்படித்தானா?"

"நான் ராஜபாளையம்னு எப்படித் தெரியும்?"

"குடையில மில்லு பேரு எழுதியிருக்குல்ல?"

அவர் சிரித்தார். சின்னச் சிரிப்புத்தான். மீசைக்கு அடியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது.

"அடுத்த செவ்வாக்கிழமையும் வருவேன். பதினோரு மணிக்கு. அதுக்குள்ள கதவைச் சரி பண்ணி வையுங்க."

உத்தரவு போடுகிறாரே, இவர் யார் எனக்கு… என்று முணுமுணுத்தாள். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் ஆசாரியைக் கூட்டி வந்து கதவை இழைக்கச் சொன்னாள்.

அவர் பெயர் சின்னக்கருப்பன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பின் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் செக்யூரிட்டி ஆபீசர். மனைவி இறந்துபோய்ப் பத்து வருஷமாயிற்று. பிள்ளைகள் இல்லை. தங்கை வீட்டோடு இருக்கிறார். இதெல்லாம் நான்கு செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது.

"ராஜபாளையத்துல போன் பூத்தே கெடையாதா? பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸுல வாரீக?"

"அங்க எல்லாருக்கும் என்னையத் தெரியும்."

"அப்போ ரகசியம்! மெட்ராஸுல யாரு? பொம்பளையா?"

"பொம்பளதான்," என்றார் அவர் முகம் மாறாமல். "அவளும் உங்கள மாதிரித்தான். நான் ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவா."

பரிபூரணம் பொய்க்கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளுக்குள் ஏனோ ஒரு சின்ன முள்… நிஜமாகவே பொம்பளையாக இருக்குமோ?

ஒரு நாள் சாத்தூர் சேவு நீட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உப்பு ஆகாது… அதான். கோவிச்சுக்காதீக. இனிப்புக்கு ஒரு தடையும் இல்ல."

மறுவாரம் கருப்பட்டி மிட்டாய் காத்திருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இதைத் தின்னதுக்கு அப்புறம் உங்க பேச்சுக்கூட இனிப்பாத்தான் கேக்குது," என்றார்.

"அதுக்கு முன்னாடி கசந்துச்சாக்கும்?"

"உறைச்சுச்சு."

அவர் பஸ் ஏறிப் போன பிறகும் அந்த ஒரு சொல்லுக்காக அவள் தனியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் ஆண்டிச்சாமி இறந்து பதினாறு வருஷம். மகள் முத்துப்பேச்சியைத் தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம். இத்தனை காலத்தில் இன்றைக்கு என்ன கிழமை என்று அவள் யோசித்ததே இல்லை. இப்போது திங்கட்கிழமையே தலைக்குக் குளித்தாள். பெட்டியின் அடியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்து உதறினாள். ராஜபாளையம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் போதும், கேபின் கண்ணாடியில் நெற்றி முடியைச் சரி செய்துகொள்வாள். இந்த வயதில் இது என்ன கூத்து… என்று தன்னையே கடிந்துகொள்வாள். அடுத்த பஸ்ஸுக்கும் அதே கைதான் தலைக்குப் போகும்.

மார்கழி பிறந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நடந்து வந்த விதமே சரியில்லை. கால்கள் இரண்டும் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கின. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார்.

பரிபூரணம் அவர் கண்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

எத்தனை முறை கற்பனை செய்திருப்பாள்… சிரிக்கும் கண்களாக, கேலி பேசும் கண்களாக. அவை அழகான கண்கள்தான். ஆனால் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி…

அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். ஆண்டிச்சாமியின் கண்களில் கடைசி நான்கு மாதம் அதைத்தான் பார்த்தாள். சாராயம் ஊறி ஊறி ஈரல் கெட்டு, முப்பத்தெட்டு வயதில் வயிறு ஊதிச் செத்துப்போனான் அவன்.

"ஈரலா?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஆமா. சுருங்கிப் போச்சுங்காங்க."

"பட்டாளத்துல சும்மா குடுப்பாகல்ல… ஊத்தி ஊத்திக் குடிச்சிருப்பீக."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எதையோ சொல்ல உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"அப்படின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீகளா?"

"நான் கண்ணால பார்த்தவ. வாழ்ந்து கெட்டவ. எனக்கா தெரியாது?"

"சரி."

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போன்கூடப் பேசவில்லை. எழுந்தார். எப்போதும் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகட்டும் என்றுதான் இருந்தாள். நல்லவேளை இப்போதே தெரிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த செவ்வாய் வந்தது. பதினோரு மணி ஆனது. ராஜபாளையம் பஸ் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள்… அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. சாலையில் உயரமான வெள்ளைச் சட்டை ஒன்று போனால் எழுந்து எட்டிப் பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் அவர் இல்லாத வெறுமைதான் இருந்தது.

நான்காவது செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குப் பூத் போன் ஒலித்தது.

"சுபேதார் சின்னக்கருப்பன் இருக்காரா? சென்னை ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். கல்லீரல் மாற்றுப் பிரிவு." ஒரு பெண் குரல். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும் குரல்.

பரிபூரணம் கடை வாசலை ஒருமுறை பார்த்தாள். "அவிய… இங்க இல்லையே."

"அவசரம்னா இந்த நம்பருக்குத்தான் சொல்லச் சொன்னார். வாரா வாரம் எங்கிட்ட பேசறவர், ஒரு மாசமா பேசவே இல்லை. தயவுசெஞ்சு இதை அவர்கிட்ட சொல்லிடறீங்களா? அறுபது வயசுக்கு மேல இந்த ஆபரேஷன் பண்ண இங்கே ரொம்பத் தயங்குவாங்க. ஆனா முன்னாடி இங்கே வந்தப்போ எடுத்த டெஸ்ட்டுல அவரோட இருதயம், நுரையீரல் எல்லாம் நல்லா இருக்கு. டாக்டர்கள் கூடிப் பேசிச் சரின்னுட்டாங்க. மூளைச் சாவு ஆன யாராவது குடும்பம் தானம் கொடுத்தா, சில மணி நேரத்துக்குள்ள மாத்தியாகணும். அதனால அவர் உடனே சென்னைக்கு வந்து ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்கணும்."

"வரலைன்னா?"

"அதிக நாள் இருக்காதும்மா… நீங்க அவருக்கு என்ன வேணும்?"

பரிபூரணம் ரிசீவரை வைத்தாள். கடையைப் பூட்டிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி விசாரித்தாள். "யாரு, அந்தக் குடிகார மிலிட்டரியா? மூணாவது சந்து," என்றான் சைக்கிள் கடைக்காரன். அந்த வார்த்தை அவளையே அறைந்த மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தவள் அவருடைய தங்கை கருத்தம்மா. விஷயத்தைச் சொன்னதும் அவள் கண்ணில் நீர் முட்டியது.

"நீங்களாவது சொல்லுங்க மதினி. மறுபடி மெட்ராஸுக்குப் போக மாட்டேங்குது. ஊரே குடிகாரன்ங்குது. எங்கண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்ல. எழுவத்தொண்ணுல சண்டையில தொடையில குண்டு பாஞ்சு, பாட்டில் பாட்டிலா ரெத்தம் ஏத்துனாக. அந்த ரெத்தத்துல ஏதோ கிருமியாம். இருபது வருசத்துக்கு மேல உள்ளயே இருந்து ஈரலைத் தின்னுருச்சுன்னு டாக்டரு சொல்லுதாரு."

பரிபூரணம் உள்ளே நடந்தாள். உள்ளறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார் அவர். கண்ணாடி இல்லை. இன்னும் மெலிந்திருந்தார். இன்னும் மஞ்சளாக…

"ஏன் வந்தீக?"

"சொல்லியிருக்கலாம்ல?" அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை… நான் குடிக்கலன்னு ஒரே ஒரு வார்த்தை!"

"ஊரு முழுக்கச் சொல்லிப் பார்த்துட்டேன். யாரும் நம்பல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல… தீர்ப்புச் சொன்னீக."

"தப்புத்தான். என் தலையெழுத்தை உங்க மேல ஏத்திப் பார்த்தேன். மன்னிச்சிருங்க."

அவர் முகம் இளகியது. அவள் ஆஸ்பத்திரிச் செய்தியைச் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அறுபத்தொண்ணு ஆச்சு எனக்கு. ஆபரேசன் டேபிள்லயே போனாலும் போவேன். ஒரு ஈரல் கெடைக்கிறதே அபூர்வம். அதைச் சின்னஞ்சிறுசு யாருக்காச்சும் வச்சா அம்பது வருசம் வாழும். எனக்கு வச்சு என்ன செய்ய? எனக்காக யாரு காத்திருக்கா?"

பரிபூரணம் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"யாருக்கு வைக்கணும்னு டாக்டருமாரு பார்த்துக்கிடுவாக. உங்க உடம்பு தாங்கும்னு அவுகதான் சொல்றாக. காத்திருக்கிறது யாருன்னா கேட்டீக…" அதற்குமேல் பார்வையை உயர்த்த முடியவில்லை. "பதினாறு வருசமா நான் கடை வாசலைப் பார்த்து உட்கார்ந்ததில்ல. நாலு செவ்வாயாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அம்புட்டுத்தான் சொல்ல முடியும்."

வெளியே கருத்தம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே பலமாக.

"போறேன்," என்றார் அவர் கடைசியில். "ஆனா ஒண்ணும் பேசி வச்சுக்கிட வேணாம். ஒருவாட்டி தாலி அறுத்தவுக நீங்க. இன்னொரு சாவுக்கு உங்களை அழ வைக்க எனக்கு மனசு வரல. நான் பொழச்சா… அப்போ பேசுவோம்."

தை முடியும் முன்பே தங்கையோடு சென்னைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினார்கள். இப்போது செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அங்கிருந்து போன் வந்தது.

"கடல் காத்து எப்படி இருக்கு?"

"உப்பா இருக்கு. எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே வீசுது."

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். உறைப்புத்தான் இல்ல…"

அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஐந்து நிமிடம். அதற்குள் மூச்சு வாங்கிவிடும் அவருக்கு. சொல்ல வந்த எதையும் இருவரும் சொல்ல மாட்டார்கள். வைத்த பிறகு ரிசீவரை உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்திருப்பாள். அவர் குரல் பட்ட சூடு அதில் இருக்கிற மாதிரி… பிறகு ஏழு நாள். ஒரு வாரம் என்பது இவ்வளவு நீளமா? மாசி போனது. பங்குனி வந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. ஒரு வாரம் அவள் பெயரையே மறந்து தடுமாறினார். ஈரல் மோசமானால் மூளையும் குழம்பும் என்று கருத்தம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. அவர் பிழைக்க வேண்டுமானால் எங்கோ ஒருவர் சாக வேண்டும். சாமி முன்னால் நின்று எதை வேண்டுவது என்று பரிபூரணத்துக்குத் தெரியவில்லை. ஆண்டாள் கோயிலில் வெறுங்கையாய் நின்று, ஒன்றும் கேட்காமலே திரும்பி வந்தாள்.

பங்குனியின் மூன்றாம் செவ்வாயில் போன் வரவில்லை.

பதினோரு மணி. பன்னிரண்டு. ஒன்று. யாரையும் போனைத் தொட விடவில்லை அவள். "லைன் ரிப்பேரு," என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். இரண்டரை மணிக்கு மணி அடித்தது. கருத்தம்மா.

"காலையில ஆறு மணிக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க மதினி. ஸ்கூட்டர்ல போன வாத்தியாரு ஒருத்தரு… லாரி மோதிருச்சாம். அவரு சம்சாரம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. இன்னும் முடியல மதினி. இன்னும் முடியல…"

யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தாள் பரிபூரணம். புருஷனை இழந்த அதே காலையில் பேனாவைப் பிடித்த அந்தக் கையை. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணுக்காக, அந்த வாத்தியாருக்காக, கத்திக்குக் கீழே கிடக்கும் தன் சுபேதாருக்காக. 'தன்' என்று மனம் சொன்னதைக் கேட்டு இன்னும் அழுதாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி போன் வந்தது.

"முடிஞ்சிருச்சு. உசுரோட இருக்கு எங்கண்ணன்."

ஆனால் அதோடு முடியவில்லை. மூன்றாம் வாரம் காய்ச்சல். உடம்பு புது ஈரலை ஏற்கவில்லை என்றார்கள். மருந்தை மாற்றினார்கள். வயது அதிகம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். சித்திரையும் வைகாசியும் ஒரு யுகமாய்ப் போயின. அவரால் நான்கு வார்த்தைகூடச் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. "இருக்கேன்," என்பார். "இருங்க," என்பாள். அதுவே அந்த வாரத்துக்கு.

ஆடி பிறந்த வெள்ளிக்கிழமை செங்கோட்டை ரயிலில் ஊர் திரும்புகிறார்கள் என்று தகவல் வந்தது. ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் ராஜபாளையம் போகும். இரண்டு நிமிடம் நிற்கும். ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று ஸ்டேஷனுக்குப் போனாள் பரிபூரணம்.

காலை வெயிலில் ரயில் தள்ளாடிக்கொண்டே வந்து நின்றது. ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டு ஓடினாள். கருத்தம்மாவின் முகம் தெரிந்தது. பக்கத்து இடம் காலி.

"எங்க? அவிய எங்க?"

கருத்தம்மா சிரித்துக்கொண்டே கையைக் காட்டினாள்.

இரண்டு பெட்டி தள்ளிப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயில் துணி முகமூடி. தொளதொளவென்ற சட்டை. கையில் ஒரு சின்னப் பை. கண்ணாடி இல்லை. வெள்ளை வெளேரென்று இரண்டு கண்கள்… அவை அவளைப் பார்த்துச் சிரித்தன.

"இதென்ன… உங்க ஊரு அடுத்ததுல்ல?"

"தெரியும்."

"வண்டி கெளம்புது. ஏறுங்க!"

"போகட்டும்."

ரயில் விசிலடித்து நகர்ந்தது. கருத்தம்மா ஜன்னலிலிருந்து கையசைத்தாள். பிளாட்பாரம் காலியானது. வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்கினாள். அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தாள்.

"பொழச்சா பேசுவோம்னு சொன்னேன்ல… பேச வந்திருக்கேன்." அவர் குரல் மெலிந்திருந்தது. நடுக்கம் மட்டும் இல்லை. "சாகுற வரைக்கும் மாத்திரை திங்கணும். மாத்திரை நின்னா நானும் நின்னுருவேன். இன்னும் எம்புட்டு நாளுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு டாக்டரு அஞ்சு வருசம்ங்காரு. இன்னொருத்தரு பத்துங்காரு. அந்த வாத்தியாரு குடுத்துட்டுப் போன நாளு அது. வீணாக்கப்படாது. எனக்கு உங்களைக் கட்டிக்கிடணும்னு இருக்கு, பரிபூரணம். முதல் நாள் குடையைப் பிடிச்சுக்கிட்டு மொறைச்சீகளே, அன்னையிலேருந்து இருக்கு."

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"ஊரு சிரிக்கும்…"

"சிரிக்கட்டும். குடிகாரன்னதுக்கு இது தேவலை."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முத்துப்பேச்சிகிட்ட போன வாரமே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"இப்படி ஒருத்தரு வருவாரு… வந்து கேட்பாரு… நான் சரின்னு சொல்லப் போறேன்னு."

"கேக்காம இருந்திருந்தா?"

"நானே கேட்டிருப்பேன்." இப்போது நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள். "எம் புருசன் செத்தன்னைக்குக்கூட எனக்கு அழுகை வரல. நீங்க ஆபரேசனுக்குள்ள போனன்னைக்குக் கடையில உட்கார்ந்து அழுதேன். வாழவே ஆரம்பிக்கலயே, அதுக்குள்ள போயிருவீகளோன்னு அழுதேன். அஞ்சு வருசமோ பத்து வருசமோ… நான் கணக்குக் கேக்கல. அஞ்சு நாளுன்னாலும் எனக்கு நீங்க வேணும்."

அவர் ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன தன் கையைப் பெஞ்சின் மேல் அவள் பக்கமாக வைத்தார். அவள் அதை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.